பள்ளியில் மாணவர் மனநலம்: புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியர் எதை முதலில் செய்ய வேண்டும்?

தலைமையாசிரியர் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி இது. துணைத் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் பயன்படும். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் தங்கள் வேலைதான் என்று எண்ணித் தொடங்கும் பலர் பாதி வழியில் களைத்துப்போகிறார்கள். ஆலோசனை சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் தனியே இருக்கிறார்கள். உங்களால் மட்டுமே தர முடிந்தவை நான்கு: நேரம், ஆள், இடம், எழுத்துமூலமான நடைமுறை. கால அட்டவணையில் ஏறாத எதுவும் பள்ளியில் நடப்பதில்லை. மனநலப் பணிக்கும் இதே விதிதான்.

வரிசை முக்கியம். பல பள்ளிகள் விழிப்புணர்வு நாளோடு தொடங்குகின்றன: ஒரு பேச்சாளர், ஒரு பேனர், ஓர் உறுதிமொழி. மறுநாள் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்து "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொன்னால், அவளை எங்கே உட்கார வைப்பது, யார் பேசுவது, வீட்டுக்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரிவதில்லை. முதலில் வாய் திறந்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை மற்ற பிள்ளைகள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். ஆகவே விழிப்புணர்வுக் கூட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். முதல் ஐந்து படிகளை ஒரு பருவத்தில் முடித்துவிடலாம்.

1. முதல் இரண்டு வாரம்: இருக்கும் பதிவேடுகளைப் படியுங்கள்

புதிய கருத்துக்கணிப்பு எதுவும் இப்போது வேண்டாம். வருகைப் பதிவேடு, தாமதமாக வந்தவர் குறிப்பு, முதலுதவி அறைப் பதிவேடு, ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்புகள், தேர்வுக்கு வராதவர் பட்டியல் ஆகிய ஐந்தையும் கடந்த ஒரு பருவத்துக்கு எடுத்து ஒரே மேசையில் பரப்புங்கள். ஒரே பெயர் மூன்று இடங்களில் தென்பட்டால் அந்தப் பிள்ளையை இந்த வாரமே விசாரியுங்கள். குறிப்பிட்ட ஒரு பாடவேளைக்கு முன்னால் மட்டும் வயிற்றுவலி, தலைவலி என்று முதலுதவி அறைக்கு வரும் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பதின்வயதினரின் மனத்துயரம் முதலில் உடல்வலியாகவோ எரிச்சலாகவோ வெளிப்படுவது சாதாரணம். அழுகையை மட்டும் எதிர்பார்த்திருந்தால் பலர் கண்ணில் படமாட்டார்கள்.

அடுத்து, பள்ளி வளாகத்தின் எளிய வரைபடத்தை நகலெடுத்து ஒவ்வொரு வகுப்பிலும் தங்கள் பெயரை எழுதாமல் இரண்டு குறிகள் போடச் சொல்லுங்கள்: "போகத் தயங்கும் இடம்", "ஏதாவது பிரச்சினை என்றால் தேடிப் போகும் ஆள்". பத்து நிமிட வேலை. கழிப்பறை, பின்பக்கப் படிக்கட்டு, பேருந்து ஏறும் இடம் போன்றவை வரிசையாகக் குறிக்கப்பட்டால், ஆலோசகரை நியமிக்கும் முன்பே அங்கே மேற்பார்வைப் பணியை மாற்றி அமைத்துவிடலாம். நூலகர், உடற்கல்வி ஆசிரியர், காவலர் என்று நீங்கள் எதிர்பாராத பெயர்கள் இரண்டாவது குறியில் வரும். அவர்களை மறக்காமல் பயிற்சிக்கு அழையுங்கள்.

அதே வாரத்தில் வெளியில் உள்ள உதவிகளின் பட்டியலைத் தயாரியுங்கள்: மனநல மருத்துவர் உள்ள மருத்துவமனை, குழந்தைகளைப் பார்க்கும் உளவியலாளர், குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி, உதவி எண். இணையத்திலிருந்து நகலெடுத்த பட்டியலில் பல எண்கள் வேலை செய்யாமல் போகலாம். ஒவ்வொன்றையும் நீங்களே தொலைபேசியில் அழைத்து ஆறு விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: எந்த வயதுக்காரர்களைப் பார்ப்பார்கள், எந்த நேரம், காத்திருப்பு எவ்வளவு நாள், கட்டணம் எவ்வளவு, பள்ளியின் கடிதம் வேண்டுமா, பெற்றோர் உடன் வர வேண்டுமா. பருவத்துக்கு ஒருமுறை திரும்பவும் அழைத்துச் சரிபாருங்கள்.

2. மூன்றாம் வாரம்: அவசரப் பாதையை ஒரே தாளில் எழுதுங்கள்

இதுதான் முழு ஏற்பாட்டின் முதுகெலும்பு. ஒரு மாணவர் "சாகலாம் போல இருக்கு" என்று சொன்னாலோ, கையில் வெட்டுக்காயம் தெரிந்தாலோ, நோட்டுப் புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தாலோ, பார்த்தவர் அடுத்த பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது என்ன என்று அந்தத் தாள் சொல்ல வேண்டும். இரண்டு பக்கம் ஆனால் யாரும் படிக்கமாட்டார்கள்.

தாளில் இருக்க வேண்டியவை: மாணவரைத் தனியே விடாதே, கழிப்பறைக்கும் தனியே அனுப்பாதே. பக்கத்தில் இருந்தபடியே இன்னொருவர் மூலம் பொறுப்பாளருக்குச் சொல்லி அனுப்பு. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதே. "உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களுக்கு மட்டும் சொல்வேன்" என்று சொல். நேரடியாகக் கேள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தாயா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் ஆசிரியர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. கேட்பதே பல பிள்ளைகளுக்கு நிம்மதி தருகிறது.

பொறுப்பாளர் பெயர் ஒன்று மட்டும் இருந்தால் அவர் விடுப்பில் போகும் நாளில்தான் தேவை வரும். மூன்று பெயர்களை வரிசையாக எழுதுங்கள். பெற்றோரை அன்றே வரவழைத்து, நேரில் ஒப்படைத்து, நேரத்தோடு கையெழுத்து வாங்குங்கள். வழக்கமான பேருந்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாலையில் தொலைபேசியில் சொல்வது ஆபத்தானது. ஒப்படைக்கும்போது, வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சிக்கொல்லி, கூரிய பொருட்கள் போன்றவற்றைப் பூட்டி வைக்கும்படி வெளிப்படையாகச் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் பலருக்குச் சிறிது நேரம் உச்சத்துக்குப் போய்த் தணியக்கூடியது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பது உயிரைக் காக்கும்.

ஒரு விதிவிலக்கைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்: துன்புறுத்துபவர் வீட்டிலேயே இருக்கலாம் என்று தெரிந்தால் முதல் அழைப்பு பெற்றோருக்குப் போகக் கூடாது, குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிக்குத்தான் போக வேண்டும். இதைப் புகார் செய்வது பல நாடுகளில் சட்டக் கட்டாயம். உங்கள் பகுதியின் சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது, எத்தனை மணி நேரம் தருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கித் தாளின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள்.

"இனி இப்படிச் செய்யமாட்டேன்" என்று மாணவரிடம் எழுதி வாங்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அதனால் பள்ளிக்கு ஒரு காகிதம் கிடைக்கும், பிள்ளைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்காது. அதற்குப் பதில் ஆலோசகரோ மருத்துவரோ மாணவரோடு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும். அதில் ஆறு பகுதிகள் இருக்கும்: மோசமாகப் போகிறது என்பதற்கான அறிகுறிகள், தானாகச் செய்துகொள்ளக்கூடியவை, மனத்தைத் திருப்ப உதவும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடிய வீட்டாரும் நண்பர்களும், தொழில்முறை உதவி எண்கள், சுற்றுப்புறத்தைப் பாதுகாப்பாக்கும் வழி.

தாள் தயாரானதும் ஆசிரியர் அறையில் இருபது நிமிடம் ஒத்திகை பாருங்கள். "இப்போது இரண்டாம் மாடியில், ஐந்தாம் பாடவேளையில்" என்று ஒரு சூழலைச் சொல்லி, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பாருங்கள். அந்த வகுப்பை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்குத் தாளில் பதில் இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.

3. ஆளைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு பொறுப்புகள் வேண்டும், இரண்டையும் குழப்ப வேண்டாம். ஒருங்கிணைப்பாளர் பள்ளியின் ஆசிரியரே. பரிந்துரைகளைப் பெறுவது, தேதி வைத்துத் தொடர்வது, வெளி உதவிகளோடு பேசுவது அவர் வேலை. ஆலோசகர் அதற்கென்று படித்தவர். ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளும் ஆசிரியரை ஒருங்கிணைப்பாளராக்காதீர்கள். தண்டிக்கும் கையிடம் யாரும் போய் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

ஒருங்கிணைப்பாளருக்கு வாரம் நான்கு அல்லது ஐந்து பாடவேளைகளைக் குறைத்து, அதைக் கால அட்டவணையில் அச்சிடுங்கள். இதுதான் உண்மையான செலவு. "கூடுதல் பொறுப்பு" என்று சும்மா ஒப்படைத்தால் தேர்வு நெருங்கும்போது அந்த வேலைதான் முதலில் நிற்கும். தேவை கூடுவதோ அப்போதுதான். பீகாரில் 70-க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் இதற்கென்றே அமர்த்தப்பட்ட, தொழில்முறைப் பட்டம் இல்லாத ஆலோசகர்களும், சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் இருந்த இடங்களில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, கேலிக்கொடுமையும் மனச்சோர்வும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய இடங்களில் வழக்கமான பள்ளிகளைவிட மாற்றம் தெரியவில்லை. தனி நேரம் உள்ள ஓர் ஆளின் மதிப்பை நிர்வாகக் குழுவிடம் எடுத்துச்சொல்ல இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அது எட்டாத உயரமாக இருந்தால் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து ஒருவரை அமர்த்துங்கள். அப்போதும் கிழமை மாறக் கூடாது. "தேவைப்படும்போது வருவார்" என்ற ஏற்பாட்டில் அவர் வருவதே இல்லை.

நியமிக்கும் முன் பார்க்க வேண்டிய ஆவணங்கள்: பட்டச் சான்றிதழின் அசல், மேற்பார்வையின் கீழ் செய்த பயிற்சிக்கான சான்று, பதிவு கட்டாயமான நாடென்றால் பதிவு எண், காவல்துறை நன்னடத்தைச் சான்று, முன்பு வேலை செய்த இடத்தின் கடிதம். இவை வந்துசேரவே சில வாரங்கள் ஆகும். விளம்பரம் கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பணி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பது, தேர்வு மேற்பார்வை ஆகியவை இவர் பணியில் அடங்காது. இது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் அவர் மாற்று ஆசிரியராகிவிடுவார். ஒரு நாளில் நான்கைந்து மாணவர்களுக்கு மேல் அவரால் கவனமாகப் பார்க்க முடியாது. மீதி நேரம் குறிப்பெழுதவும் ஆசிரியர், பெற்றோரோடு பேசவும் போய்விடும்.

4. இடம்

உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பேச்சு வெளியே கேட்கக் கூடாது. கதவில் சிறிய கண்ணாடி இருந்தால் இரண்டு பக்கமும் பாதுகாப்பு. பூட்டக்கூடிய அலமாரி ஒன்று, சம உயரத்தில் இரண்டு நாற்காலிகள், ஒரு கடிகாரம் போதும். தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆசிரியர் அறையைக் கடந்து போகும் வழியும் வேண்டாம். நூலகத்தை ஒட்டிய அறை பெரும்பாலும் ஒத்துவரும், அங்கே போவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

5. தாள்கள்

நான்கே நான்கு படிவங்கள் போதும்.

முதலாவது, ஒப்புதல் படிவம். சேர்க்கையின்போதே பெற்றோரிடம் பெறுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் குற்றச்சாட்டு போலத் தொனிக்கும். ஆலோசகர் என்ன செய்வார், எதை ரகசியமாக வைப்பார், எந்த மூன்று சூழலில் ரகசியம் உடையும் (தனக்கு ஆபத்து, பிறருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துவது) என்று எளிய மொழியில் இருக்கட்டும். மாணவருக்கும் தனியே படித்துக் காட்ட வேண்டும்.

இரண்டாவது, பரிந்துரைப் படிவம். ஆசிரியர் நிரப்புவது, அரைப் பக்கம். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். "மனச்சோர்வு நோய் உள்ளது" என்று எழுதுவது ஆசிரியரின் வேலை இல்லை. "மூன்று வாரமாக இடைவேளையில் வகுப்பிலேயே தலைகவிழ்ந்து இருக்கிறான், முன்பு பந்து விளையாடுவான், கடந்த இரண்டு கட்டுரைகளும் வெற்றுத்தாள்" என்று எழுதினால் ஆலோசகருக்குப் பேச்சைத் தொடங்க ஒரு பிடி கிடைக்கும்.

மூன்றாவது, ஒப்படைப்புக் குறிப்பு. யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி ஒப்படைத்தோம் என்பது இதில் இருக்கும். பெற்றோர் மருத்துவரிடம் அழைத்துப்போக மறுத்தாலும் தேதியோடு இதில் எழுதிவிட்டு, அடுத்த அழைப்புக்கு நாள் குறியுங்கள்.

நான்காவது, திரும்பி வரும் திட்டம். சிகிச்சையிலிருந்து ஒரு மாணவர் பள்ளிக்குத் திரும்பும் முதல் வாரம் மிகவும் கவனம் தேவைப்படும் காலம்; பெரும்பாலான பள்ளிகள் இதற்கு எதையும் தயாராக வைத்திருப்பதில்லை. விட்டுப்போன பாடங்களில் எதைத் தள்ளுபடி செய்வது, முதல் சில நாள் அரை நாளா, நடுவில் வகுப்பைவிட்டு வெளியே வர என்ன சைகை, நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதை வருவதற்கு முந்தைய நாளே மாணவரோடும் பெற்றோரோடும் முடிவு செய்யுங்கள்.

இவை எதுவும் மாணவரின் பொதுக் கோப்பில் சேரக் கூடாது, மாற்றுச் சான்றிதழில் தொனிக்கவும் கூடாது. ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மாணவர் பெயரோடு ஒரு வரி போனாலும் ரகசியம் போனதுதான். முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே இதை விதியாக அறிவித்து, கையெழுத்து வாங்குங்கள்.

6. உங்கள் கையெழுத்தால் மட்டுமே மாறக்கூடியவை

ஆலோசகர் வாரம் இருபது பேரைப் பார்க்கலாம். நீங்கள் ஒரு சுற்றறிக்கையால் பள்ளி முழுவதையும் தொடலாம். செலவே இல்லாத இந்தப் பகுதியைத்தான் பலர் தொடாமல் விடுகிறார்கள்.

மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிப்பதையும் தர வரிசைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதையும் நிறுத்துங்கள். விடைத்தாளை மடித்துத் தனித்தனியே கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் மூன்று தேர்வுகள் விழாதபடி எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான தேர்வு நாட்காட்டி ஒன்றை ஆசிரியர் அறையில் மாட்டுங்கள்; அதில் குறிக்காத தேர்வை வைக்க முடியாது என்று விதி செய்யுங்கள். அடி, முட்டிபோட வைத்தல், வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தல், பிறர் முன் அவமானப்படுத்தும் பேச்சு ஆகியவற்றைத் தடைசெய்து எழுத்தில் வெளியிடுங்கள். மீறினால் யாரிடம் சொல்லலாம் என்று மாணவர்களுக்கும் தெரிய வேண்டும். அவமானத்தைப் பாடமுறையாக வைத்துக்கொண்டு அதே கட்டடத்தில் ஆலோசனை அறை திறந்தால் மாணவர்கள் அந்த அறையை நம்பமாட்டார்கள்.

தேர்வு முடிவு வெளியாகும் நாள் ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். முடிவை வெள்ளிக்கிழமை மாலையில் கொடுத்துப் பள்ளியைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வார நடுவில், காலையில் கொடுங்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வாங்கியவர்களை, நன்றாகப் படிப்பவர்கள் உட்பட, வகுப்பாசிரியர் அன்றே தனியே பார்த்துப் பேச வேண்டும். மறுதேர்வு, பாடம் மாற்றுதல், வேறு படிப்பு போன்ற வழிகளை அச்சிட்ட ஒரு தாளாக முடிவோடு சேர்த்தே கொடுங்கள்.

7. ஆசிரியர் பயிற்சி

ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு மணி நேரம், பிறகு பருவத்துக்கு முக்கால் மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் மூன்று சொற்களே போதும்: பார், கேள், இணை. பழக்கத்தில் வந்த மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் படிவம் நிரப்பு என்பதை எல்லோரும் மனத்தில் ஏற்ற வேண்டும். சத்தம் போடும் பிள்ளையை யாரும் தவறவிடுவதில்லை. அமைதியாகக் கரைந்துபோகும் பிள்ளைதான் தப்பிவிடுகிறது.

பயிற்சியோடு நின்றுவிடவும் கூடாது. 10 ஐரோப்பிய நாடுகளின் 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களிடம் நடந்த சேய்ல் ஆய்வின் முடிவுகள் 2015-இல் வந்தன. ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி தந்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. மாணவர்களையே உட்காரவைத்து, நான்கு வாரங்களில் சுமார் ஐந்து மணி நேரம், நடித்துப் பார்த்துப் பேசவைத்த பள்ளிகளில் ஓராண்டுக்குப் பின் புதிய தற்கொலை முயற்சிகள் கணிசமாகக் குறைந்திருந்தன.

8. மாணவர் வகுப்புகளும் கேள்வித்தாள்களும்

இனி விழிப்புணர்வுக்கு வரலாம். விற்பனைக்கு வரும் பயிற்சித் தொகுப்பு எதையும் பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். "இதே வயதில், இதே வடிவத்தில் சோதித்தீர்களா? யாரோடு ஒப்பிட்டீர்கள்?" என்று கேளுங்கள். பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த மிரியட் சோதனையில், எல்லோரும் புகழ்ந்த மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னஸ்) வழக்கமான வகுப்பைவிடக் கூடுதல் பலன் தரவில்லை என்று 2022-இல் தெரியவந்தது.

மனநிலையை அளக்கும் கேள்வித்தாளில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 போன்ற தாளின் ஒன்பதாவது கேள்வி, சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. அதைக் கடைசிப் பாடவேளையில் கொடுத்துக் கட்டாகக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டால், உதவி கேட்டு ஒரு பிள்ளை எழுதிய கடிதத்தைப் பிரிக்காமல் வைத்ததற்குச் சமம். காலையில் கொடுத்து, அன்று மதியத்துக்குள் படித்து, அந்தக் கேள்விக்கு "இல்லவே இல்லை" தவிர வேறு எதைக் குறித்தவரையும் அன்றே சந்திக்க ஆள் இருந்தால் மட்டும் கொடுங்கள். ஒரே நாளில் ஒரு வகுப்புக்கு மேல் வேண்டாம். அதற்கும் வசதியில்லை என்றால் கேள்வித்தாளே வேண்டாம், பரிந்துரைப் படிவம் போதும்.

9. பெற்றோரிடம் பேசும்போது

நோயின் பெயரைச் சொல்லித் தொடங்கினால் கதவு சாத்தப்படும். பார்த்ததைச் சொல்லுங்கள், வீட்டில் எப்படி என்று கேளுங்கள், அடுத்து செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தைத் தேதியோடு சொல்லுங்கள். "உங்கள் பிள்ளையால் பள்ளிக்குத் தொந்தரவு" என்ற தொனி எங்கும் வரக் கூடாது. பரிந்துரைக் கடிதத்தைக் கையில் கொடுக்கும்போதே மருத்துவமனையின் நேரம், கட்டணம், எடுத்துப்போக வேண்டிய அடையாள ஆவணம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அங்கிருந்தே அழைத்து நேரம் வாங்கித் தாருங்கள். வெறும் கடிதத்தோடு அனுப்பியவர்களில் பலர் போய்ச் சேர்வதில்லை.

10. ஒரு மாணவரைத் தற்கொலையில் இழந்துவிட்டால்

இதற்கான திட்டம் முன்கூட்டியே உறையில் இருக்க வேண்டும், அந்த நாளில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. முதலில் குடும்பத்தாரிடம் உறுதிசெய்யுங்கள். என்ன சொல்லலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். ஒலிபெருக்கியிலோ காலைக் கூட்டத்திலோ அறிவிக்காமல், பழகிய ஆசிரியர் வகுப்பு வகுப்பாக, ஒரே நேரத்தில், எழுதிக் கொடுத்த நான்கு வரிகளை வாசிக்கட்டும். இறந்த விதத்தை விவரிக்க வேண்டாம். "தேர்வில் தோற்றதால்" என்பது போல ஒற்றைக் காரணம் சொல்லவும் வேண்டாம். இதே நிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அது வழிகாட்டியாகிவிடும். பதின்வயதினரிடம் தற்கொலை தொற்றிப் பரவக்கூடியது.

அன்று மாலைக்குள் ஒரு பட்டியல் எழுதுங்கள்: நெருங்கிய நண்பர்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கைகள், கடைசியாகச் சண்டை போட்டவர், முன்பே முயன்றவர்கள், சமீபத்தில் வீட்டில் இழப்பைக் கண்டவர்கள். ஒவ்வொருவரிடமும் பெரியவர் ஒருவர் இரண்டு நாளுக்குள் நேரில் பேசியிருக்க வேண்டும். காலியான இருக்கையை உடனே அகற்றாதீர்கள், மலர்மேடையும் ஆக்காதீர்கள். என்ன செய்யலாம் என்று வகுப்போடு பேசி, சில நாளில் இடங்களை மாற்றி அமையுங்கள். நோயிலோ விபத்திலோ இறந்த மாணவருக்குப் பள்ளி எந்த அளவில் நினைவேந்தல் செய்யுமோ, அதே அளவு இவருக்கும் இருக்கட்டும். செய்தியாளர்களோடு பேசுபவர் ஒருவர் மட்டும். பிறந்தநாள், நினைவுநாள், தேர்வு முடிவு நாள் ஆகியவற்றை நாட்காட்டியில் குறித்து, பட்டியலில் உள்ளவர்களை அன்று மறுபடி பாருங்கள். செய்தியை வாசித்த ஆசிரியர்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்.

11. பருவ முடிவில் எதை எண்ணுவது

எத்தனை கூட்டம் நடத்தினோம் என்ற எண்ணிக்கையை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். பரிந்துரைப் படிவம் வந்த நாளுக்கும் முதல் சந்திப்புக்கும் நடுவே எத்தனை நாள்? தானாக வந்த மாணவர் எத்தனை பேர்? வெளியே அனுப்பியவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர்? எந்த வகுப்பிலிருந்து ஒரு படிவம்கூட வரவில்லை? நான்காவது கேள்விக்கு விடையாக வரும் வகுப்புக்கு அடுத்த வாரமே போய், அந்த வகுப்பாசிரியரோடு பத்து நிமிடம் உட்காருங்கள்.